வேப்பமரத்துக்கு வந்த தோஷம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து மீனாட்சிபுரத்தில் அந்த மாசி மாதம் மண்ணுக்கு வந்த மவுசு தங்கத்துக்குக்கூட வந்ததில்லை. விடிந்தும் விடியாமலும் ஜனங்கள் கையில் கொட்டாங்குச்சியோடு வரிசையில் நின்றார்கள். கொட்டாங்குச்சி நிறைய மண். பக்கத்து வீட்டு மண்ணோடு மாறிவிடக் கூடாதே என்று மஞ்சள் துணியால் மூடி, பெயரும் நட்சத்திரமும் எழுதிய சீட்டைக் குத்தியிருந்தார்கள். எருத்தேன்பதிக்காரர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். பெருமாட்டிக்காரர்கள் ஜீப் பேசிக்கொண்டு வந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சோறே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இத்தனையும் எதற்கு? வீட்டைச் சுற்றி என்ன செடி வைக்கலாம், எந்த மரத்தை வெட்டலாம் என்று கேட்பதற்கு.

பதில் சொல்கிறவர் சாமானியப்பட்டவர் அல்ல. மண்நாடி விருட்சானந்தர்! பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, தாடி மட்டும்தான் வெள்ளை. ஊர்க்கோடித் தென்னந்தோப்பில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அவர் கேரளத்து மாந்திரீகர். கேரளத்துப் பக்கம் வந்தால் தமிழ்நாட்டு மலைச் சித்தர். நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட்தான். அதைத் தாண்டுகிற லாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஆள் உண்டு, சாமியார் எந்த ஊர்க்காரர் என்று பார்க்க ஆள் இல்லை. எதிர்ப்பக்கத்துக்காரனுக்குத்தான் சக்தி அதிகம் என்று இரண்டு பக்கமும் நம்பியதால் சாமிக்கு இரண்டு பக்கமும் வரும்படி இருந்தது.

முறை ரொம்ப எளிது. வீட்டின் கன்னிமூலையில் ஒரு பிடி மண் எடுத்துக் கொண்டுவர வேண்டும். சாமி அதன் மேல் நூலில் கட்டிய ருத்திராட்சத்தைத் தொங்கவிடுவார். அது சுற்றும். எதைத் தொங்கவிட்டாலும் சுற்றத்தான் செய்யும், ஆனால் சாமி கையில் சுற்றினால் அது நாடி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "உன் வீட்டில் ஒரு பலாமரம். அதன் நிழல் வீட்டின் மேல் விழுகிறது. மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது." அவ்வளவுதான், வந்தவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிடுவார். வீட்டையே பார்க்காதவர் பலாமரத்தைச் சொல்லிவிட்டாரே!

மரத்தை வெட்ட வேண்டும். வெட்டிய மரம் விறகாகக்கூட வீட்டில் கிடக்கக் கூடாது, தோஷம் அடுப்பு வழியாக வயிற்றுக்குள் போய்விடும். கவலை வேண்டாம், சாமியின் வேன் வந்து எடுத்துக்கொண்டு போகும். அதே வேனில் ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது செடி, மந்திரித்த மலைமண் நிரப்பிய பைகளோடு வந்து இறங்கும். ஷிஜு என்கிற டிரைவர் ஓட்டுகிற அந்த வேன் வரும்போதும் காலியாக வந்ததில்லை, போகும்போதும் காலியாகப் போனதில்லை. கருணை என்றால் அப்படி ஒரு கருணை.

யோகப்பிரியாவின் வீட்டுக்கும் அந்தக் கருணை வந்து சேர்ந்திருந்தது.

யோகப்பிரியா ஊர்ப் பால் சங்கத்தில் பரிசோதனை பார்ப்பவள். பதினொரு வருஷமாக அதே நாற்காலி. சங்கத்தில் பாட்டிலுக்கு நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. யார் பால் என்று தெரிந்தால் பார்க்கிறவள் கை கொஞ்சம் சாய்ந்துவிடும் என்று அவளே கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் முதல் பலி அவள் மாமியார் செல்லாத்தாள். ஒருநாள் இருபத்தேழாம் நம்பரில் தண்ணீர் என்று எழுதி வைத்தாள் யோகப்பிரியா. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் இருபத்தேழு யார் என்று தெரிந்தது. மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதன்பிறகு பாலில் தண்ணீரும் இல்லை.

தை மாதம் அவர்கள் பழைய வீடு இருந்த மனையிலேயே புது வீடு கட்டிக் குடிபோனார்கள். வீட்டு முன்னால் வெற்று மண்ணாகக் கிடந்தது. செல்போனில் பார்த்ததுபோல ஒரு தோட்டம் வைக்க வேண்டும் என்று யோகப்பிரியாவின் புருஷன் சதீஷுக்கு ஆசை. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லவன், யார் சொன்னாலும் நம்புகிறவன். அம்மாவும் மகனும் ஒரு கொட்டாங்குச்சி மண்ணோடு போய் வந்தார்கள். மறுநாளே பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கு நிழல் தந்த பலாவும் பூவரசும் சாய்ந்தன. அதே இடத்தில் இருந்த முருங்கையையும் பப்பாளியையும் மட்டும் சாமி தொடச் சொல்லவில்லை. அவை தெய்வாம்சமாம்.

ஒன்பது செடி வந்து இறங்கியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற மாசிக் காற்றில் ஏழு செடி ஒரு வாரத்துக்குள் கருகிவிட்டது. எட்டாவது அரளி. அதை மாடு போகிற தடத்திலேயே நடச் சொல்லியிருந்தார் சாமி. கன்றுக்குட்டி எட்டி ஓர் இலையைக் கவ்விவிட்டது. யோகப்பிரியா ஓடிவந்து அதன் வாய்க்குள் கைவிட்டுப் பிடுங்கியிராவிட்டால் கன்று போயிருக்கும். அரளி மாட்டுக்கு விஷம் என்பது ஊரில் தெரியாதவர் கிடையாது. சாமி சொன்னால் விஷமும் பிரசாதம் ஆகிவிடும் என்று நினைத்தார்கள் போல. ஒன்பதாவது செடிக்குக் குபேரமோகினி என்று பெயர். சாக்குப் பை நிறைய மலைமண்ணோடு வந்தது. நடுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் பையிலேயே காய்ந்து நின்றது.

நிழல் போனதும் மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கின. மூன்று மாடும் சேர்ந்து இரண்டு வேளைக்கு இருபது லிட்டர் கறந்த இடத்தில் பதினாலு ஆனது. செல்லாத்தாள் பதறிப்போய் மறுபடியும் சாமியிடம் ஓடினாள். சாமி ருத்திராட்சத்தைச் சுற்றவிட்டுச் சொன்னார், "கூட்டாளிகள் போன கோபத்தில் வேம்பு நிற்கிறது. அதையும் எடு."

மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேப்பமரம்தான். கொட்டகைக்கு மேல் குடைவிரித்து நின்றது. மத்தியானத்தில் மூன்று மாடும் கன்றும் அதன் அடியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்கும். திங்கட்கிழமை வெட்டுவதாக நாள் குறித்தாயிற்று.

சனிக்கிழமை ராத்திரி சோற்றுத் தட்டை வைத்தபடியே யோகப்பிரியா பேச்சைத் தொடங்கினாள்.

"மாமா, மரத்தை வெட்டுன ஊடு அத்தனையிலயும் பால் கொறஞ்சிருக்குதுங்க. நாந்தானே தெனமும் அளந்து பாக்கறேன்? வெட்டாத ஊட்டுல கொறையலைங்க. மாட்டுக்கு வெக்கை தாங்கல. அவ்ளோதானுங்க."

"சாமி சொல்றது தப்பாப் போகுமா புள்ளை?" என்றான் சதீஷ். "நம்ம ஊட்டையே பாக்காம பலாமரத்தைச் சொன்னாரு."

"உனக்கு அந்த மிசின்ல வந்தாத்தான் நெசம்," என்றாள் செல்லாத்தாள். "மாமியாக்காரி பாலையே தண்ணின்னு எழுதுனவதானே நீ."

"சரிங்க அத்தை, அப்ப சாமியையும் பாலைப் பாக்கறாப்பலயே பாத்துப்போடலாமுங்களா?"

"என்னது?"

"அந்தக் குபேரமோகினிப் பை இருக்குதில்லீங்க, அதுல இருக்கற மண்ணை நீங்களே உங்க கையால ஆறு பாட்டல்ல ரொப்புங்க. நம்பர் மட்டும் போடுவோம். நாளைக்குக் கொண்டுபோயி சாமி முன்னால வெப்போம். ஒரே மண்ணுதானுங்களே? ஆறுக்கும் ஒண்ணே சொன்னாருன்னா நாளான்னிக்கு வேப்பமரத்துக்குக் கவுறு கட்டறது நானு. ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"ஒண்ணேதான் சொல்லுவாரு! அவுரே மந்திரிச்ச மண்ணாச்சே," என்றாள் செல்லாத்தாள். மருமகள் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேறவேற சொன்னா?"

"சொன்னா மரம் நிக்கட்டும்," என்றான் சதீஷ்.

"ஒண்ணு மட்டும்ங்க. முன்கூட்டியே யாரும் சாமி காதுல போடப்படாது. போட்டா அது சாமியோட சக்தி இல்லீங்க, போட்டவிய சக்தி."

அதில் செல்லாத்தாளுக்குத்தான் அதிக ரோஷம். சாமியின் சக்திக்குச் சிபாரிசு வேண்டுமா என்ன? அன்று ராத்திரியே பையை அவிழ்த்து, மண்ணை நன்றாகக் கலந்து, ஆறு பாட்டிலிலும் தன் கையாலேயே நிரப்பினாள். மூடியைத் திருகும்போது முருகா முருகா என்று சொல்லிக்கொண்டாள். யோகப்பிரியா நம்பரை ஒட்டினாள். தூங்கப் போகும்முன் ஒருதரம் கொட்டகைக்குப் போய் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறுக்கும் ஒன்றையே சொல்லித் தொலைத்துவிட்டால் மரம் போய்விடும். வாய்விட்டுக் கொடுத்த வார்த்தையை மீற அவளால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் கால் வைக்க இடமில்லை. எதிர்வீட்டு வள்ளியாத்தாள் முன்வரிசையிலேயே இருந்தாள். சாமி சொல்லி மூன்று மரத்தை வெட்டியவள், நாலாவது மரம் இல்லையே என்ற குறையோடு வந்திருந்தாள். செல்லாத்தாளும் சதீஷும் கூட்டத்தோடு உட்கார்ந்துகொள்ள, யோகப்பிரியா முறை வந்ததும் ஆறு பாட்டிலும் அடுக்கிய தட்டை சாமியின் முன்னால் வைத்தாள்.

"ஆறு பாட்டில் மண்ணுங்க சாமி."

சாமி பாட்டில்களைப் பார்த்தார். சீட்டு இல்லை. "பெயர்? நட்சத்திரம்?" என்றார்.

"நம்பர் மட்டுந்தானுங்க. சங்கத்துல பாலுக்கும் இப்படித்தானுங்க வெப்போம்."

"பெயர் சொல்லாமல் நாடி பேசாது அம்மா."

கூட்டத்துக்கு நடுவில் நின்றிருந்த ஷிஜுவை சாமி ஒரு பார்வை பார்த்தார். ஷிஜு உதட்டைப் பிதுக்கினான். அந்த நேரத்தில் சாமியைக் கவிழ்த்தது வேறு யாருமல்ல, பரமபக்தை வள்ளியாத்தாள்தான்.

"சாமிக்கெதுக்கு அம்மணி பேரு? மண்ணே பேசுமுங்க! சாமி, சித்த பாத்துச் சொல்லுங்க, இவிய பாக்கட்டும்!"

"ஆமாமா, மண்ணே பேசும்!" என்று பந்தலே கூவியது. பக்தி அப்படித்தான், சாமி தப்பித்து ஓடுவதற்குக்கூட வழி விடாது.

வேறு வழியில்லாமல் சாமி ருத்திராட்சத்தைத் தொங்கவிட்டார்.

ஒன்றாம் நம்பர். கண்ணை மூடினார். "கன்னிப்பெண் ஒருத்தியின் கண்ணீர் விழுந்த மண். வாசலில் ஒரு மாமரம். எடுத்துவிடு."

செல்லாத்தாள் தலையாட்டிக்கொண்டாள். மீதி ஐந்துக்கும் இதேதான் வரப்போகிறது என்று திரும்பி மகனைப் பார்த்தாள்.

இரண்டாம் நம்பர். "ஆகா! மகாலட்சுமி வாசம் செய்யும் மண். வெளிநாட்டு யோகம் இருக்கிறது."

செல்லாத்தாளின் தலையாட்டல் நின்றது.

மூன்றாம் நம்பரில் நாகம் ஒன்று படுத்திருந்தது. நான்காம் நம்பரில் முன்னோர்கள் பசியோடு திரிந்தார்கள். ஐந்தாம் நம்பரில் வியாபாரம் கொழிக்கும், ஆனால் குறுக்கே ஒரு தேக்கு நிற்கிறது, அது போக வேண்டும். சாமிக்கு இப்போது சுருதி ஏறிவிட்டது. ஆறாம் பாட்டிலைத் தொட்டதும் கையைச் சுட்டதுபோல் எடுத்தார். "ஐயோ! இது சுடுகாட்டு மண். ஏழு உயிர் புதைந்த இடம். இந்த மண்ணை யார் தொட்டார்களோ அவர்கள் தலையைச் சுற்றிப் போட்டுக்கொள்ளட்டும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. செல்லாத்தாள் எழுந்து நின்றாள்.

"சாமி, நாந்தானுங்க தொட்டேன்," என்றாள். "ஆறுமே நாந்தானுங்க ரொப்புனேன். ஆறும் ஒரே மண்ணுங்க. நீங்க மந்திரிச்சுக் குடுத்த குபேரமோகினிப் பையில இருந்த மலைமண்ணுங்க."

சாமி ருத்திராட்சத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாட்டிலில் அடைத்துவிட்டால் மண்ணின் நாடி பிரிந்து ஆறாகப் பேசும். சாஸ்திரம் தெரியாமல் பேசாதே," என்றார் சாமி.

"செரிங்க சாமி," என்றாள் யோகப்பிரியா. "பிரிஞ்ச நாடி பிரிஞ்சபடியே இருக்கோணுமில்லீங்க? இப்ப நம்பரை அடியில ஒட்டிக் கலைச்சு வெக்கறேன். மறுக்காப் பாருங்க. சுடுகாட்டு மண்ணு எது, மகாலட்சுமி மண்ணு எதுன்னு மட்டும் எடுத்துக் குடுத்துப்போடுங்க. நாங்க பாலை ரெண்டு தடவை பாத்தாலும் ஒரே நம்பர்தானுங்க வரும்."

சாமிக்கு அந்த நிமிஷம் கடுமையான தலைவலி வந்துவிட்டது. ஞானதிருஷ்டி உள்ளவர்களுக்கு வருகிற தலைவலி எல்லாமே சரியான நேரத்தில்தான் வரும்.

ஆனால் கூட்டத்தை அது இன்னும் அசைக்கவில்லை. "வீட்டையே பாக்காம மரத்தைச் சொன்னாரே, அது எப்படி?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வேனில் இருந்தது.

ஷிஜு நைசாக நழுவி வேனைக் கிளப்பப் போனதைப் பார்த்து சதீஷ் பின்னாலேயே ஓடியிருந்தான். டிரைவர் புத்தி டிரைவருக்குத் தெரியும். சாவியைப் பிடுங்கப் போன கையில் கண்ணாடிக்கு அடியில் கிடந்த ஒரு நோட்டு சிக்கியது. மலையாளத்தில் எழுதியிருந்தது. சதீஷ் பத்தாவது வரை படித்ததே மலையாளத்தில்தான். பந்தலுக்குள் வந்து தமிழில் மாற்றி உரக்கப் படித்தான்.

"பெருமாட்டி, வள்ளியாத்தாள் தங்கச்சி ஊடு. மூத்த பொண்ணுக்கு முப்பது வயசு, கல்யாணம் ஆகல. பலா ஒண்ணு, சுத்து ஆறடி. எருத்தேன்பதி, வாத்தியார் ஊடு. மவன் துபாயில, பேச்சில்லை. தேக்கு ரெண்டு, சுத்து நாலடி. மீனாட்சிபுரம், செல்லாத்தாள்..." சதீஷ் நிறுத்தினான். பிறகு மெதுவாகப் படித்தான். "புது ஊடு. பலா, பூவரசு எடுத்தாச்சு. வேம்பு ஒண்ணு, சுத்து ஏழடி, நல்ல விலை போகும். முருங்கை, பப்பாளி இருக்கு, வேண்டாம். மருமக சூட்டிகை. அவ இல்லாத நேரமாப் போகணும்."

செடி விற்கப் போகிற சாக்கில் ஷிஜு வீடுவீடாகப் போய் ஊர்க்கதையையும் மரத்தின் சுற்றளவையும் குறித்துக்கொண்டு வந்திருந்தான். பக்கம் பக்கமாகப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சுற்றளவு கூடக்கூடத் தோஷமும் கூடியிருந்தது. மெலிந்த மரம் உள்ள வீடுகளில் கிரகங்கள் எல்லாம் மிக நல்ல இடத்தில் இருந்தன. முருங்கைக்கும் பப்பாளிக்கும் தெய்வாம்சம் வந்த காரணம் இப்போது கூட்டத்துக்கே புரிந்தது. அவற்றை மரம் அறுக்கிற மில்லில் எந்த மடையன் வாங்குவான்?

விருட்சானந்தர் எழுந்தார். அத்தனை நாள் ஏடு படிப்பதுபோல் பேசிய வாய், "அடேய் ஷிஜு, வண்டிய எட்றா!" என்று சுத்தமான சந்தைப் பேச்சில் கத்தியது. ஆனால் சாவி சதீஷின் கையில் இருந்தது. இரண்டு மாநிலத்து ஜனங்களும் அங்கே இருந்ததால், சாமியை எந்தப் போலீஸில் ஒப்படைப்பது என்பதில்தான் கொஞ்ச நேரம் தகராறு. கடைசியில் பஞ்சாயத்து மெம்பர் வந்து இந்தப் பக்கத்துப் போலீஸையே கூப்பிட்டார்.

செல்லாத்தாள் மட்டும் அந்தக் கலாட்டாவில் சேரவில்லை. சாமியின் முன்னால் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப எங்க பலாமரத்துல என்னதானுங்க தோஷம் இருந்துச்சு?"

செல்லாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வருஷா வருஷம் முப்பது காய் கொடுத்த மரம். அதை வெட்டும்போது கயிறு பிடித்தவள் அவள்தான். யோகப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து, "வாங்க அத்தை, ஊட்டுக்குப் போலாம். மாடு தண்ணிக்குக் கத்தும்," என்றாள்.

வேப்பமரம் நின்றது. திங்கட்கிழமை வெட்ட வந்த ஆட்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டான் சதீஷ்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஊரை மெச்சிக்கொண்டு நாமும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் யோகப்பிரியா பால் சங்கத்தைத் திறந்தபோது பால்கேன் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை நின்றது. ஏழு பேர். கையில் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சி நிறைய மண். முதல் ஆள் வள்ளியாத்தாள்.

"அம்மணி, சாமியையே ஜெயிச்ச கையுங்க உம்பட கை," என்று கும்பிட்டாள். "எங்க ஊட்டு மண்ணையும் சித்த பாத்து, என்ன செடி வெக்கறதுன்னு சொல்லிப்போடு."

யோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"இதென்னங்க கூத்து? வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, கோடையில ஊத்தறதுக்குத் தண்ணி இருக்குதா, மாட்டுக்கு எட்டுமா எட்டாதா, இந்த மூணையும் பாத்துச் செடி வெச்சா வந்துட்டுப் போகுது. இதெல்லாம் உங்க ஊட்டு வாசல்ல நிக்கற உங்களுக்குத் தெரியுமா, இங்க உக்காந்திருக்கற எனக்குத் தெரியுமா? போங்க. மண்ணை எடுத்த குழியிலயே கொண்டுபோயிப் போட்டு மூடுங்க."

ஆறு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வள்ளியாத்தாள் மட்டும் போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மணி, அந்தக் குழிய எந்தக் கெழமைல மூடுனா நல்லதுங்க?"

யோகப்பிரியா அடுத்த பால் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"மூளைக்கு லீவு இல்லாத கெழமையாப் பாத்து மூடுங்க."